வீட்டுக்குப் போய்த் திரும்பிய டேட்டா ஷீட்: வெர்மான்ட் வழக்கும் ஆய்வு நெறிப் பயிற்சியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மத்திய அரசின் மானியத்தில் ஆராய்ச்சி செய்யச் சேரும் மாணவருக்கு, சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு மின்னஞ்சல் வந்துவிடும். ஆர்.சி.ஆர். பயிற்சியை இன்ன தேதிக்குள் முடியுங்கள் என்று. 'பொறுப்பான ஆய்வு நடத்தை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கணினியில் நாலைந்து பாடங்கள் வரும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்னத் தேர்வு இருக்கும், பல இடங்களில் 80 சதவீதம் எடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் அங்கே முனைவர் பட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க ஆய்வு உலகத்தோடு ஏற்படும் முதல் சந்திப்பே இதுதான். பெரும்பாலானவர்கள் இதை ஓர் இரவில் முடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நான் இதே பயிற்சியை மாணவராக ஒரு முறையும், முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வைத் தொடரும் போஸ்ட்டாக்காக ஒரு முறையும் முடித்தேன். மூன்றாவது முறை ஆய்வக ஊழியராக வேலையில் சேர்ந்தபோது எனக்கு எந்த மின்னஞ்சலும் வரவில்லை. கேட்டதற்கு, உங்கள் பதவிக்கு இது கட்டாயமில்லை என்றார்கள். நானாகக் கேட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்தப் பதில் மனதில் தங்கிவிட்டது. யாருக்குக் கட்டாயம், யாருக்கு இல்லை என்பதை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று தேடிக்கொண்டே போனபோது, பாதை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு வழக்கில் வந்து நின்றது. ஆய்வு நெறி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் வழக்குதான். ஆனால் அதை வழக்கமாக 'ஒரு கெட்ட விஞ்ஞானியின் கதை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது.

எரிக் போல்மன் என்பவர் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். உடல் எடை, முதுமை, மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களின் உடலில் ஏற்படும் மாற்றங்கள் ஆகியவை அவர் துறை. 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள், வரிசையாக மானியங்கள், பெரிய ஆய்வகம், நாடு முழுவதும் பெயர். வால்டர் டெனினோ அந்த ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்த இளைஞர். இளநிலைப் பட்டம் முடித்தவர், போல்மனைத் தன் வழிகாட்டியாக மதித்து அவரிடம் வந்து சேர்ந்தவர்.

2000 ஆம் ஆண்டு. வயது கூடக்கூட இரத்தத்தில் கொழுப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரே ஆட்களைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒப்பிட வேண்டும். வயதானால் நல்ல கொழுப்பு குறையும், கெட்ட கொழுப்பு கூடும் என்பது எதிர்பார்ப்பு. டெனினோ எண்களைப் போட்டுப் பார்த்தபோது அப்படி வரவில்லை, போக்கு நேர்மாறாக இருந்தது. இது ஆராய்ச்சியில் சாதாரணமாக நடப்பதுதான், எதிர்பார்த்தது வராமல் போவதில் தப்பே இல்லை. போல்மன் அந்த டேட்டா ஷீட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார், பிறகு திருத்தியதாகச் சொல்லித் திரும்பக் கொடுத்தார், மறுபடி கணக்குப் போட்டால் எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்து நின்றது. டெனினோ அங்கேதான் நின்றார். மூல எண்களை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் முறை எடுத்த அளவும் இரண்டாம் முறை எடுத்த அளவும் இடம் மாறியிருந்தன, வேண்டிய முடிவு வருகிற மாதிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இருபதுகளில் இருக்கும் ஒரு டெக்னீஷியன். அவர் சம்பளம் போல்மனின் மானியத்திலிருந்து வருகிறது. அடுத்து எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் போல்மனின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பக்கத்து மேசையில் இருப்பவர்களின் சம்பளமும் அதே மானியம்தான். அவர் மற்றவர்களிடம் மெல்ல விசாரித்தார், பழைய ஆட்களிடமும் பேசினார், தனக்கு மட்டும் தோன்றும் சந்தேகம் இல்லை என்று புரிந்துகொண்டார், அப்புறம் பல்கலைக்கழகத்தில் முறைப்படி புகார் கொடுத்தார்.

பல்கலைக்கழகம் விசாரணையைத் தொடங்கியதும் போல்மன் சும்மா இருக்கவில்லை. விசாரணை முடிவு அரசின் ஆய்வு நேர்மை அலுவலகத்துக்குப் போகக்கூடாது என்று மத்திய நீதிமன்றத்தில் தடை கேட்டார், கிடைக்கவில்லை. பொய்ச் சாட்சியம் சொன்னார், பொய்யான ஆவணங்களைக் கொடுத்தார், மற்ற சாட்சிகளையும் அப்படிக் கொடுக்க வைக்கப் பார்த்தார். இதெல்லாம் பின்னால் அரசுத் தரப்பு வெளியிட்டவை. 2001 இல் வெர்மான்ட்டை விட்டுக் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இங்கே விசாரணை நடக்க, அங்கே புதுப் பதவி.

விசாரணை போகப் போக, கொழுப்பு ஆய்வு ஒரு நூல் முனை மட்டும்தான் என்று தெரிந்தது. இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. மிக மோசமானது 1995 இல் வெளியான மாதவிடாய் நிற்றல் பற்றிய ஆய்வு. 35 பெண்களை ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்ததாக எழுதியிருந்தார், ஒருசிலரைத் தவிர மற்றவர்களுக்கு இரண்டாம் அளவீடு நடக்கவே இல்லை. எண்கள் அவர் எழுதியவை. அந்தப் பெண்கள் இரண்டாம் முறை ஆய்வகத்துக்கு வந்ததும் இல்லை, அவர்கள் உடலில் இருந்து அந்த எண்கள் வந்ததும் இல்லை. அந்தக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள், அதன்மேல் கட்டினார்கள், நடுத்தர வயதுப் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்போது ஆதாரமாக வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2005 மார்ச்சில் வழக்கு வெளியே வந்தது. 1992 முதல் பத்தாண்டு அளவில் 17 மானிய விண்ணப்பங்களில் பொய்த் தரவு இருந்தது. அதை நம்பி அரசு கொடுத்த பணம் ஏறத்தாழ 29 லட்சம் டாலர். ஒரு விண்ணப்பத்துக்காக மட்டும் குற்றவியல் வழக்கு போட்டார்கள், 5,42,000 டாலர் மானியத்துக்கான விண்ணப்பம் அது. போல்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிவில் வழக்கைத் தீர்க்க 1,80,000 டாலர் கட்டினார், டெனினோவின் வழக்கறிஞர் செலவுக்காக 16,000 டாலர் தனியாகக் கொடுத்தார். பத்துக் கட்டுரைகளுக்குத் திரும்பப் பெறும் கடிதமோ திருத்தக் கடிதமோ அனுப்ப ஒத்துக்கொண்டார். ஆயுளுக்கும் மத்திய அரசின் ஆய்வு மானியம் வாங்க முடியாது என்ற தடையையும் ஏற்றார். 2006 ஜூன் 28 அன்று நீதிபதி வில்லியம் செஷன்ஸ் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதித்தார். மானிய விண்ணப்பத்தில் பொய்த் தரவு எழுதியதற்காக அமெரிக்காவில் சிறைக்குப் போன முதல் பல்கலைக்கழக விஞ்ஞானி என்று அவரைச் சொல்கிறார்கள்.

நீதிமன்றத்தில் அவர் சொன்ன விளக்கத்தையும் பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சி பற்றிப் பேச அது தேவை. கையில் எத்தனை மானியம் இருக்கிறது என்பதே ஒருவருடைய மதிப்பைத் தீர்மானிக்கும் இடத்தில் தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டதாகச் சொன்னார், மானியம் வந்தால்தான் தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற கவலை எப்போதும் இருந்தது என்ற பொருளிலும் சொன்னார். இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. ஆனால் பொய்யும் இல்லை. அங்கே ஆய்வகம் நடத்தும் யாரைக் கேட்டாலும் அந்தக் கவலையைச் சொல்வார்கள்.

சரி, இப்போது பயிற்சிக்கு வருவோம்.

டெனினோ வெர்மான்ட்டில் மூல எண்களைத் தேடிக்கொண்டிருந்த அதே 2000 ஆம் ஆண்டின் கடைசியில், வாஷிங்டனில் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. டிசம்பர் 6 அன்று வெள்ளை மாளிகையின் அறிவியல் கொள்கை அலுவலகம், ஆய்வு முறைகேடு என்றால் என்ன என்று அரசு முழுவதற்கும் பொதுவான வரையறையை வெளியிட்டது: இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறருடையதைத் தன்னுடையது என்று காட்டுவது. இன்றும் இந்த மூன்றும்தான் அடித்தளம். அதற்கு ஐந்து நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, பொதுச் சுகாதாரச் சேவைத் துறை ஒரு பயிற்சிக் கொள்கையை அறிவித்திருந்தது. என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்கள் உட்பட அந்தத் துறையின் பணத்தில் நடக்கும் ஆய்வில், திட்டமிடுவதிலோ செய்வதிலோ மதிப்பிடுவதிலோ அறிக்கை எழுதுவதிலோ நேரடியாகப் பங்கெடுக்கும் ஊழியர் அனைவருக்கும் ஒன்பது தலைப்புகளில் பயிற்சி தர வேண்டும் என்றது அது. தரவைச் சேகரித்துப் பாதுகாப்பது, வழிகாட்டிக்கும் மாணவருக்கும் உள்ள உறவு, கட்டுரையில் யார் பெயர் வர வேண்டும் என்பது, சக மதிப்பீடு (பிறர் ஆய்வைச் சக ஆய்வாளர்கள் மதிப்பிடுவது), கூட்டு ஆய்வு, மனிதர்களை வைத்து ஆய்வு, விலங்குகளை வைத்து ஆய்வு, முறைகேடு, நலன் முரண் (சொந்த ஆதாயம் ஆய்வின் நேர்மையோடு மோதுவது) என்பவை அந்த ஒன்பது.

அனைவருக்கும் என்றால் பேராசிரியருக்கும்தான், டெக்னீஷியனுக்கும்தான். போல்மனுக்கும் டெனினோவுக்கும் ஒரே பயிற்சி. அதுவரை இருந்த விதி அப்படி இல்லை. 1990 முதல் என்.ஐ.எச். கட்டாயமாக்கியிருந்தது பயிற்சி மானியங்களில் சம்பளம் பெறும் மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் மட்டும்தான்.

இந்தப் புதுக் கொள்கை மூன்று மாதம்கூட உயிரோடு இல்லை. பல்கலைக்கழகங்கள் முணுமுணுத்தன, பணம் யார் கொடுப்பது, இத்தனை ஆயிரம் பேருக்கு யார் வகுப்பு எடுப்பது என்று. நாடாளுமன்றக் கீழவையின் எரிசக்தி, வணிகக் குழுத் தலைவர் பில்லி டாசின், இது கொள்கை என்ற பெயரில் போடப்பட்ட சட்ட விதி இல்லையா, விதி போடுவதற்குரிய முறையைப் பின்பற்றினீர்களா என்று கேள்வி எழுப்பினார். 2001 பிப்ரவரியில் கொள்கை நிறுத்தி வைக்கப்பட்டது. அத்தோடு சரி. வெர்மான்ட் விசாரணைக் குழு உட்கார்ந்து போல்மனின் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அவரைப் போன்றவர்களையும் வகுப்பில் உட்கார வைத்திருக்கக்கூடிய விதி தூக்கிப் போடப்பட்டது. அந்த வகுப்பு நடந்திருந்தால் போல்மன் நல்லவராகியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, 1992 முதல் பொய் எழுதிவந்த மனிதரை ஒன்பது தலைப்பு மாற்றிவிடாது. ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு மாற்றியிருக்கும். டெனினோவுக்கு முன்னாலும் சந்தேகப்பட்டவர்கள் அந்த ஆய்வகத்தில் இருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் என்ன ஆகும், சட்டம் எந்த அளவுக்குப் பாதுகாக்கும் என்பது தெரிந்திருந்தால் புகார் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இந்த இடைவெளியில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. 2005 ஜூனில் நேச்சர் இதழில் மார்ட்டின்சன் குழுவினர் வெளியிட்டது. என்.ஐ.எச். பணத்தில் ஆய்வு செய்யும் 3,247 விஞ்ஞானிகள் பெயர் சொல்லாமல் பதில் எழுதினார்கள், அதில் 33 சதவீதத்தினர் கடந்த மூன்றாண்டுகளில் மிக மோசமானவை என்று பட்டியலிட்ட பத்துத் தவறுகளில் ஒன்றையாவது செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். முழுப் பொய்த் தரவு எழுதியவர்கள் அதில் மிகக் குறைவு, பணம் கொடுப்பவர் சொன்னதற்காக ஆய்வு முறையையோ முடிவையோ மாற்றுவது, தனக்கு எதிரான தரவைக் காட்டாமல் விடுவது போன்றவை அதிகம். அந்த 3,247 பேரில் போஸ்ட்டாக்குகளும் இருந்தார்கள், சொந்தமாக ஆய்வகம் நடத்துபவர்களும் இருந்தார்கள். தவறு மாணவரோடு நிற்பது இல்லை என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டுமா.

ஆனாலும் அடுத்து வந்த சட்டம் மாணவரிடமே போனது. 2007 ஆகஸ்ட் 9 அன்று கையெழுத்தான அமெரிக்கா காம்பீட்ஸ் சட்டத்தின் 7009 ஆம் பிரிவு, என்.எஸ்.எஃப். எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் மானியம் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும் பயிற்சித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. யாருக்கு? இளநிலை மாணவர், முதுநிலை மற்றும் முனைவர் பட்ட மாணவர், போஸ்ட்டாக். பேராசிரியர் பட்டியலில் இல்லை, டெக்னீஷியனும் இல்லை. போல்மன் சிறைக்குப் போய் ஓராண்டு கழித்து எழுதிய சட்டம் இது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாடே பார்த்த வழக்கில் பொய் சொன்னவர் பேராசிரியர், உண்மையைச் சொன்னவர் டெக்னீஷியன், சட்டத்தில் இரண்டு பேருக்குமே இடம் இல்லை.

2010 ஜனவரி 4 முதல் என்.எஸ்.எஃப். இதை நடைமுறைப்படுத்தியது. எத்தனை மணி நேரம், என்ன பாடம் என்று அது எதுவும் சொல்லவில்லை, நிறுவனத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. அதனால் பல பல்கலைக்கழகங்கள் இணையப் பாடத்தை வாங்கி வைத்து வேலையை முடித்தன. 2000 இல் மியாமி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிட்டி (CITI) என்ற பாடத் தொகுப்பைத்தான் பெரும்பாலும் வாங்கினார்கள், முதலில் அது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான பயிற்சியாகத் தொடங்கியது. என்.ஐ.எச். கொஞ்சம் கறாராக இருந்தது. 2009 நவம்பரில் அது வெளியிட்ட அறிவிப்பு, குறைந்தது எட்டு மணி நேரம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும், இணையப் பாடம் மட்டும் போதாது, பணிவாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் நான்காண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி எடுக்க வேண்டும், பேராசிரியர்கள் வகுப்பை நடத்துவதில் பங்கெடுக்க வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் பயிற்சி மானியம், பெல்லோஷிப், பணி வளர்ச்சி மானியம் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. என்.ஐ.எச். பணத்தின் பெரும் பகுதி போகும் வழக்கமான ஆய்வு மானியத்தில் வேலை செய்பவருக்கு அது கட்டாயம் இல்லை.

வேளாண் துறையின் ஆய்வு நிதி அமைப்பான நிஃபா மட்டும்தான் 2013 இல் வேறு மாதிரி எழுதியது. திட்ட இயக்குநர், பேராசிரியர், மாணவர், போஸ்ட்டாக், அப்புறம் அந்த ஆய்வில் பங்கெடுக்கும் எந்த ஊழியரும் என்று. 2001 பிப்ரவரியில் செத்துப்போன யோசனை ஒரு சின்ன அமைப்பின் மானிய நிபந்தனைக்குள் திரும்ப உயிர் பெற்றிருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, பேச வேண்டும்.

பட்டியலில் இல்லாதவர்களால் என்ன ஆகும் என்பதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு வழக்கு டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வெர்மான்ட்டில் மேலே இருந்தவர் பொய் எழுதினார், இங்கே கீழே இருந்தவர். நுரையீரல் மருத்துவப் பிரிவின் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்த ஊழியர் ஒருவர் எலிகளின் மூச்சுக் குழாய் அளவீடுகளைப் பல ஆண்டுகளாகத் திரித்தும் புனைந்தும் கொடுத்துவந்தார். அவர் மேல் முதலில் எழுந்தது அறிவியல் புகார் இல்லை, பணப் புகார். 2013 இல் பல்கலைக்கழகப் பணத்தில் சொந்தப் பொருள் வாங்கிய விஷயத்தில் மாட்டிக்கொண்டார், அதன் பிறகே அவர் கொடுத்த எண்களை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே பிரிவில் வேலை செய்த ஜோசப் தாமஸ் என்ற ஊழியர், அரசிடம் பொய்க் கோரிக்கை வைப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்கு போட்டார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863 இல், இராணுவத்துக்குக் கெட்ட சரக்கு விற்ற வியாபாரிகளைப் பிடிக்க லிங்கன் காலத்தில் வந்த சட்டம் அது, ஏமாற்றியவரிடம் மூன்று மடங்குவரை வசூலிக்கலாம், காட்டிக்கொடுத்தவருக்கு ஒரு பங்கு உண்டு.

2019 மார்ச் 25 அன்று டியூக் 11 கோடியே 25 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. என்.ஐ.எச்.சும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கொடுத்த 30 மானியங்கள் தொடர்பானது அது. தாமஸுக்குக் கிடைத்த பங்கு 3 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம். டெனினோவின் வழக்கறிஞருக்குப் போன 16,000 டாலரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதினான்கு ஆண்டில் என்ன மாறியது என்று புரியும். பல்கலைக்கழக நிர்வாகங்கள் இந்தத் தொகையைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தன. டியூக் ஆய்வு நேர்மைக்குத் தனி ஆலோசனைக் குழு அமைத்தது, ஆய்வில் ஈடுபடும் பேராசிரியர், ஊழியர் எல்லாருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அரசு கேட்காததை ஒரு பல்கலைக்கழகம் தானாகச் செய்தது, ஆனால் பணம் பறிபோகிற நிலை வந்த பிறகு.

சட்டமும் கடைசியில் நகர்ந்தது. 2022 ஆகஸ்ட் 9 அன்று கையெழுத்தான சிப்ஸ் அண்ட் சயின்ஸ் சட்டம், பழைய 7009 ஆம் பிரிவைத் திருத்தி, பேராசிரியர்களையும் மற்ற மூத்த ஆய்வாளர்களையும் பட்டியலில் சேர்த்தது. தேதியைக் கவனியுங்கள், முதல் சட்டம் வந்து பதினைந்து ஆண்டு, நாள் பிசகாமல். வழிகாட்டுவது எப்படி என்ற பயிற்சியும், ஆய்வுப் பாதுகாப்பு, வெளிநாட்டுத் தொடர்புகளை அறிவிப்பது போன்றவையும் கூடவே சேர்ந்தன. 2023 ஜூலை 31 முதல் என்.எஸ்.எஃப். மானியங்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. இப்போது போல்மன் போன்ற ஒருவர் என்.எஸ்.எஃப். பணம் வாங்கினால் வகுப்பில் உட்கார வேண்டும். டெனினோ போன்ற ஒருவர்? அந்தப் பட்டியலில் டெக்னீஷியன் என்ற சொல் இன்னமும் இல்லை.

பேராசிரியர்களைச் சேர்த்தபோது எழுந்த முணுமுணுப்பை நான் நேரில் கேட்டேன். முப்பது ஆண்டாக ஆய்வு செய்கிறேன், எனக்கு நேர்மையைச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று மதிய உணவு மேசையில் ஒருவர் கேட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, நேர்மையானவர். நான் சொன்னது இதுதான்: சார், உங்களுக்கு நேர்மை சொல்லிக்கொடுக்க இல்லை, உங்கள் மாணவர் உங்களிடமே வந்து 'இந்த எண் சரியில்லை' என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள. அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை.

பயிற்சியால் பலன் உண்டா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. ஓர் இரவில் சொடுக்கி முடிக்கும் பாடத்தால் பெரிதாக எதுவும் ஆகாது, அதை முடித்த அனுபவத்திலேயே சொல்வேன். பொய்த் தரவு எழுதுவது தப்பு என்று யாருக்குத் தெரியாது? போல்மனுக்குத் தெரியாதா? தேர்வில் வரும் கேள்விகளுக்குப் போல்மன் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார். தெரியாதது வேறு. மேலதிகாரி ஷீட்டைத் திருத்திக் கொடுத்தால் அடுத்த நிமிடம் என்ன செய்வது, மூலக் கோப்பை யார் வைத்திருக்க வேண்டும், 'திருத்தினேன்' என்றால் எதை, ஏன் என்று எழுதி வைக்கச் சொல்லிக் கேட்க ஒரு டெக்னீஷியனுக்கு உரிமை உண்டா, சந்தேகத்தை முதலில் யாரிடம் சொன்னால் அது சுற்றி அவரிடமே திரும்பி வராது. இவை எந்தப் பாடத்திலும் எனக்கு வரவில்லை. எட்டு மணி நேரம் மனிதர்களாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று என்.ஐ.எச். சொன்னதன் அருமை இங்கேதான் புரிகிறது, ஏனென்றால் இதெல்லாம் பேசித்தான் வரும், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வராது.

வெர்மான்ட் வழக்கில் டெனினோவைக் காப்பாற்றியது துணிச்சல் மட்டும் இல்லை. மூல எண்கள் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன, அதுதான் பெரிய விஷயம். போல்மன் ஆய்வகத்தின் எல்லாத் தரவையும் தன் ஒருவர் கணினியில் பூட்டி வைத்திருந்தால் அந்த இளைஞரிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்திருக்கும், ஒப்பிட இரண்டு தாள்கள் இருந்திருக்காது. எந்த ஆய்வகத்தில் மூலத் தரவை ஒருவர் மட்டும் தொட முடிகிறதோ அங்கே எத்தனை சான்றிதழ் சுவரில் மாட்டினாலும் எனக்கு நிம்மதி வராது.

அரசு மானியம் வாங்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஆய்வு நேர்மை அலுவலர் என்று ஒருவர் இருப்பார். புகார் முதலில் அவரிடம் போகும். நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் கடமை என்று மத்திய விதியிலேயே இருக்கிறது. இதை மாணவராகவும் போஸ்ட்டாக்காகவும் இருந்த காலம் முழுவதும் நான் அறிந்திருக்கவில்லை, இரண்டு முறை பயிற்சி முடித்தும். இப்போது எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர் யாராக இருந்தாலும், பதவி எதுவாக இருந்தாலும், முதல் வாரத்தில் அவரோடு உட்கார்ந்து இரண்டு வேலை செய்கிறேன். ஒன்று, மூலத் தரவு எந்தச் சர்வரில் இருக்கிறது, அதை யார் மாற்றினாலும் பதிவு எங்கே விழுகிறது என்று காட்டுவது. இன்னொன்று, அந்த அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவர்களையே தேடி எடுக்கச் சொல்வது. போன மாதம் சேர்ந்த டெக்னீஷியன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது, ஐந்து பக்கம் உள்ளே போய் ஒரு பி.டி.எஃப். கோப்பின் அடியில் இருந்தது.